விழுந்த பாலத்தின் ஊரில் ஒரு செமஸ்டர்

2024 செப்டம்பர் 11. அதிகாலை மூன்று மணி வாக்கில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றுக்குள் விழுந்தது. சில நிமிடங்களுக்கு முன்புதான் ஒரு டிராம் அதன் மேல் போயிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது நான் ராமநாதபுரத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அந்த வீடியோவைப் போட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "மாப்ளே, பாலம் கட்டப் படிக்கப் போறேன்னு சொன்னியே, அந்த ஊரா இது?"

அந்த ஊரேதான். எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. மாமா கேலிக்காகப் போட்ட வீடியோதான் அடுத்த ஆறு மாதத்துக்கு எனக்குப் பாடம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதலில் காசுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், கல்லூரித் தம்பி தங்கைகள் அதைத்தான் கேட்கிறார்கள். பரிமாற்றத் திட்டம் என்பதால் படிப்புக் கட்டணம் கிடையாது. செமஸ்டர் கட்டணம் என்று ஒரு சிறு தொகை உண்டு, ஊருக்குள் டிராம், பேருந்துக்கான பயண அட்டை அதிலேயே வந்துவிடும். ஆனால் விசா வேண்டுமென்றால் அங்கே வாழ்வதற்கான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அந்த செப்டம்பர் முதல் தேதியிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்று உயர்த்தியிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, நம் பணத்தில் அன்றைக்கு ஐந்தரை லட்சத்துக்கு மேல். அது யாருக்கும் கட்டும் பணம் இல்லை, மாதாமாதம் நமக்கே திரும்பி வரும் என்று அப்பாவுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நம்ம காசை நம்மகிட்டயே தவணையில தர்றதுக்கு ஒரு நாடா?" என்றார். பாதி சொசைட்டி கடன், மீதி பெரியப்பா கொடுத்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டி. நம் ஊரில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டருக்கு வகுப்பு தொடங்குவதே அக்டோபர் நடுவில், தேர்வு பிப்ரவரியில். அதாவது ஒரு செமஸ்டருக்குப் போனால் இங்கே இரண்டு செமஸ்டரில் கை வைக்கும். இதை யாரும் விளம்பரத் தாளில் போடுவதில்லை. எம்.இ.யில் நான்காம் செமஸ்டர் முழுக்க புராஜெக்ட் என்பதால் நான் தப்பினேன். பி.இ. மாணவர்களுக்கு இது இன்னும் இடிக்கும்.

வந்து இறங்கியது, ஊர் அலுவலகத்தில் முகவரி பதிந்தது, மருத்துவக் காப்பீடு, வங்கி, சிம் கார்டு, இதெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், விடுங்கள். வுண்ட் வீதியில் இருக்கும் அடுக்குமாடி மாணவர் விடுதியில் அறை. சமையலறை பொது. பக்கத்து அறையில் டிரெஸ்டன் பக்கத்து ஜெர்மன் பையன் ஒருவன், அவனும் சிவில்தான். ஜெர்மனியில் பெரும்பாலான இடங்களில் பழைய டிப்ளோம் பட்டத்தை எடுத்துவிட்டு பேச்சலர், மாஸ்டர் என்று மாற்றிவிட்டார்கள். டிரெஸ்டன் போன்ற சில இடங்களில் பொறியியலுக்கு டிப்ளோமை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அதில் அவனுக்கு இருந்த பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

அந்த டிப்ளோம் வகுப்புகள் ஜெர்மன் மொழியில். என்னைப் போன்றவர்களுக்கு 'ஆக்சஸ்' என்ற ஆங்கிலவழி மாஸ்டர் படிப்பின் பாடங்கள். முதல் வகுப்பு காலை ஏழரைக்கு. ஆமாம், ஏழரை. டிசம்பரில் அங்கே சூரியன் எட்டு மணிக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும், மாலை நான்கு மணிக்கெல்லாம் போய்விடும். கும்மிருட்டில் 61-ஆம் எண் பேருந்தில் பிதுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், தொண்ணூறு நிமிடம் ஆசிரியர் நிறுத்தாமல் எழுதுவார். முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். கைதட்டலுக்குப் பதில் அதுதான். முதல் நாள் எனக்கு யாரோ கோபத்தில் தட்டுகிறார்கள் போலிருந்தது.

வருகைப் பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க் கிடையாது. எழுபத்தைந்து சதவீதக் கணக்கு, கண்டொனேஷன் கட்டணம், மெடிக்கல் சர்டிபிகேட் எதுவும் இல்லை. கேட்கச் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால் கடைசியில் ஒரே ஒரு தேர்வு, மொத்த மதிப்பெண்ணும் அதில். அதற்கு முன்னால் 'பெலெக்' என்று ஒரு கணக்கு வேலை முடித்துக் கொடுத்தால்தான் சில பாடங்களில் தேர்வுக்கே விடுவார்கள். எனக்கு வந்தது ஒரு பாக்ஸ் கர்டர் பாலம், அதாவது உள்ளே கூடான பெட்டி வடிவ உத்திரம் வைத்தது. முப்பது பக்கம் கையெழுத்திலும் எக்செலிலுமாகப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது விடையில் ஒரு திருத்தமும் இல்லை, ஆனால் ஏழாம் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்வி: "இந்த கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? எங்கே முதலில் தெரியும்?"

நம் ஊரில் ஐந்து வருடம் சிவில் படித்திருக்கிறேன். கேபிளுக்கு எவ்வளவு இழுவிசை, எத்தனை சதவீத இழப்பு, இதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1343 என்ன சொல்கிறது, எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அறுந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேள்விக்குப் பதில் ஊர் நடுவில் ஆற்றில் கிடந்தது.

வந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டேன். கரோலா பாலம் உண்மையில் ஒரு பாலம் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் மூன்று. ஏ, பி என்ற இரண்டில் வாகனங்கள், சி-யில் டிராம் தண்டவாளமும் நடைபாதையும். விழுந்தது சி. சுமார் நூறு மீட்டர் நீளத்துக்கு நடுவில் மடிந்து, தண்டவாளம் அப்படியே வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மற்ற இரண்டும் ஒன்றும் தெரியாதது போலப் பக்கத்தில் நின்றன. ஏ, பி இரண்டையும் முந்தைய ஆண்டுகளில் பழுது பார்த்து முடித்துவிட்டார்கள். சி-க்கு 2025-இல் முறை வைத்திருந்தார்களாம். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் நகரத்துக்கு வெந்நீர்க் குழாய்களும் போயின. விழுந்த அன்று குழாய் உடைந்து ஊரில் வெந்நீர் இல்லாமல் போன கதையைப் பக்கத்து அறைப் பையன் பாலம் விழுந்த கதையைவிட அதிக வருத்தத்தோடு சொன்னான்.

சிவில் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால் பெரிய பாலங்களில் கான்கிரீட்டுக்குள் குழாய் விட்டு, அதில் வலுவான எஃகுக் கம்பிகளை, அதாவது கேபிளை, செருகி, ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டிவிடுவார்கள். பிரீஸ்ட்ரெஸ் என்பது இதுதான். அலமாரியிலிருந்து ஒரு வரிசைப் புத்தகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தூக்குகிறோமே, அதே வித்தை. கம்பியின் இழுவிசைதான் மொத்தப் பாலத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இழுத்த பிறகு குழாய்க்குள் சிமென்ட் கூழை அழுத்தி நிரப்புவார்கள், சைட்டில் அதற்குக் கிரவுட் என்று பெயர். கம்பிக்குத் தண்ணீரும் காற்றும் படாமல் காப்பது அதுதான்.

கரோலா பாலம் 1967-லிருந்து 1971-க்குள் கட்டியது, அன்றைக்கு அது கிழக்கு ஜெர்மனி. கம்பி, ஹெனிக்ஸ்டோர்ஃப் என்ற ஊரின் எஃகு ஆலையில் செய்தது. சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துப் பதப்படுத்திய கம்பி, நல்ல வலு. ஆனால் ஒரு குணம் உண்டு. கட்டுமானத்தின்போது, கிரவுட் போடுவதற்கு முன்னால், ஈரம் பட்டால் துருவேறும் வினையில் வெளிவரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அது அப்போதே அறுந்து தொலைத்தால் கூடத் தேவலை. அறுபடாமல், மேலே வண்டி போகப் போக, ஐம்பது வருடத்தில் அந்த விரிசல் மெல்ல மெல்ல நீளும். பிறகு ஒவ்வொரு கம்பியாக, கான்கிரீட்டுக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல் அறும். துருக்கறை வெளியே வராது, பாலம் தொங்காது. ஜெர்மனியில் ஆறு வருடத்துக்கு ஒருமுறை பெரிய சோதனை, நடுவில் மூன்றாம் வருடம் ஒரு சிறு சோதனை என்று விதி இருக்கிறது. அந்தச் சோதனைகளில் இது பிடிபடவில்லை.

கடைசியாகத் தள்ளிவிட்டது அன்றிரவு வெப்பநிலை சட்டென்று இறங்கியதுதான் என்கிறது ஆய்வு. ஆய்வை நடத்தியவர் அதே பல்கலைக்கழகத்தின் கான்கிரீட் கட்டுமானப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸ். நான் அவர் வகுப்பில் இல்லை. ஆனால் துறை முழுக்க அந்தப் பேச்சுதான். டிசம்பரில் இடைக்கால முடிவுகளை வெளியே சொன்னார்கள்: காரணம் ஹைட்ரஜன் விரிசல், மீதி இரண்டு பகுதிகளையும் இனி வாகனத்துக்குத் திறக்க முடியாது. மறுநாள் எங்கள் வகுப்பில் ஆசிரியர் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அதே படங்களைத் திரையில் போட்டார். அறுந்த கம்பியின் வெட்டுமுகம். முட்டை வடிவம், ஒரு ஓரத்தில் கறுப்பாகப் பழைய விரிசல், மீதி பளபளவென்று புதிய முறிவு. எந்தப் பகுதி எப்போது அறுந்தது என்று அந்த நிறத்தை வைத்தே சொல்லலாம்.

அன்றிரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா கம்பி கட்டும் வேலையை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர், முப்பது வருடமாக. அவருக்கு இது ஏற்கவே இல்லை.

"மழையில நனையாத கம்பி எந்த சைட்டுல இருக்கு? துருவைத் தட்டிட்டுப் போடுறதுதானே. லேசாத் துரு இருந்தா கான்கிரீட்டு நல்லாப் புடிக்கும்னு உங்க இன்ஜினியருங்களே சொல்லுவாங்களே."

"அது சாதாரணக் கம்பிப்பா. அது சும்மா உள்ள கிடக்கு. இது முழு நேரமும் இழுத்துக் கட்டி வெச்சது."

"சரி, நம்ம ஊரு பாலத்துலயும் இதே கம்பிதானா?"

இல்லை. நம் ஊரில் பயன்படுத்துவது குளிர்நிலையில் இழுத்துச் செய்த கம்பிகளை முறுக்கிய ஸ்ட்ராண்ட். இந்த வகை விரிசல் அதில் அவ்வளவு எளிதில் வராது. ஆனால் கிரவுட் சரியாக நிரம்பாமல் குழாய்க்குள் வெற்றிடம் விட்டுப் போனால், எந்தக் கம்பியும் துருப்பிடிக்கும். "அந்தக் கூழு அடிக்கிற வேலையை எல்லா சைட்லயும் கடைசி நாள்ல அவசரமாத்தான் முடிப்பானுங்க" என்றார் அப்பா. எங்கள் துறையின் எந்தப் புத்தகத்திலும் இந்த வரி இல்லை, இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். இப்படி விழுந்தவை வரிசையாக வந்தன. 1980-இல் பெர்லின் மாநாட்டு மண்டபத்தின் கூரை. 1985-இல் வேல்ஸில் ஒரு சிறு பாலம். பிறகு 1986 ஜூலையில் கோவாவில், பனாஜியின் மாண்டவி பாலம், கட்டிப் பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது, கேபிள் துருப்பிடித்து விழுந்தது. நம் நாட்டுப் பாலம், நான் படிக்கும் பாடம், நான் கேள்விப்பட்டதே இல்லை. அதை ஒரு ஜெர்மன் நூலகத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது படிக்க நேர்ந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. எங்கள் பாடத்திட்டத்தில் இடிந்த கட்டடத்துக்கு இடமில்லை. இடிந்தால் செய்தித்தாளில் வரும், காண்ட்ராக்டர் கைதாவார், அத்தோடு சரி. வெட்டுமுகத்தின் படத்தை மாணவனுக்கு யாரும் காட்டுவதில்லை. வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் எதற்கு என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது. ஆய்வகம், கருவி, மென்பொருள் எல்லாம் இங்கேயும் இருக்கிறது.

அவர்களையும் ஒரேயடியாகத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். பாலம் விழும் வரை வண்டி ஓட்டியவர்களும் அவர்கள்தான். நவம்பரில், ஆற்றின் மேல்பக்கம் பாட் ஷாண்டாவ் என்ற ஊரின் பாலத்தை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். அதே காலத்துக் கம்பி, அதே பயம். எங்கள் விடுதிப் பையன்களோடு அங்கே மலையேறப் போனபோது, எதிரே தெரியும் அக்கரைக்கு வண்டியில் போக ஊர்க்காரர்கள் பல மைல் சுற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒருவர் பொறியாளர்களைப் பற்றிச் சொன்னதைப் பையன் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மறுத்துவிட்டான். நான் கிளம்பிய பிறகு, பாரம் ஏற்றிச் சோதித்து, ஏப்ரலில்தான் திறந்தார்கள்.

ஜனவரியில் இன்னொன்று. இடிபாட்டை அகற்றிக்கொண்டிருக்கும்போது ஆற்றோரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் குண்டு ஒன்று கிடைத்தது, 250 கிலோ. மறுநாள் பழைய நகரத்தில் சுமார் பத்தாயிரம் பேரை வெளியேற்றி, அதைச் செயலிழக்க வைத்தார்கள். எங்கள் விடுதி தெற்கே தள்ளி இருந்ததால் எங்களுக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு மட்டும் மாமா தயவால் செய்தி உடனே போய்விட்டது. "ஒரு பக்கம் பாலம் விழுது, ஒரு பக்கம் குண்டு கிடக்கு, நீ சாப்பிட்டியா?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

சாப்பாடு ஒரு குறையும் இல்லை. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த வியட்நாமியர்கள் அங்கேயே தங்கிக் கடை வைத்திருக்கிறார்கள். பச்சை மிளகாய், கொத்தமல்லி, உறைய வைத்த முருங்கைக்காய் எல்லாம் அவர்கள் கடையில்தான் வாங்கினேன். மதியம் மென்சா என்ற பல்கலைக்கழக உணவகத்தில் உருளைக்கிழங்கு, இரவு ரசம்.

இன்னொரு கேள்வியும் வரும், அதனால் சொல்கிறேன். நான் போவதற்குச் சற்று முன்புதான் டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் தேர்தலில் வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டாவதாக வந்திருந்தது. வெளிநாட்டவருக்கு எதிரான பெகிடா ஊர்வலம் 2014-இல் தொடங்கியதும் இதே ஊரில்தான், நான் போன அக்டோபரில் கடைசி ஊர்வலம் நடத்தி முடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு டிராமில் சில பார்வைகள் இருந்தன, பக்கத்து இருக்கை காலியாகவே வந்த நாட்களும் இருந்தன. எல்லோருக்கும் என் அனுபவம்தான் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

நவம்பர் கடைசியில் ஊர்ச் செய்தி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. புதிய பாம்பன் ரயில் பாலத்தைச் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சில குறைகளை அறிக்கையில் எழுதியிருந்தார், துருவும் அதில் ஒன்று. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் துருவால்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். சின்ன வயதிலிருந்து அந்தக் காற்றில் சைக்கிள் செயின் எத்தனை நாளில் துருப்பிடிக்கும் என்று தெரியும். வகுப்பில் அந்தச் செய்தியைக் காட்டினேன். ஆசிரியருக்கு உப்புக்காற்றைப் பற்றி இருந்த கேள்விகளுக்குப் பாதிக்கு மேல் என்னிடம் பதில் இருந்தது. அந்த செமஸ்டரில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த வகுப்பு அதுதான். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி 'கியூப்' என்று ஒரு கட்டடம் இருக்கிறது, 2022-இல் திறந்தது. கம்பிக்குப் பதிலாகக் கார்பன் இழை வைத்துக் கட்டியது, கார்பன் துருப்பிடிக்காது. ஒரு முறை சுற்றிக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் அப்பா பிழைப்புக்கு இன்னும் பல வருடம் ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டேன்.

தேர்வு பிப்ரவரியில். அங்கே தயாராகவில்லை என்றால் குறிப்பிட்ட நாளுக்குள் தேர்விலிருந்து பெயரை எடுத்துவிட்டு அடுத்த முறை எழுதலாம். பக்கத்து அறைப் பையன் இரண்டு பாடத்தை அப்படி எடுத்துவிட்டு நிம்மதியாகப் பனிச்சறுக்குக்குப் போனான். அரியர் என்ற சொல்லை வாழ்நாள் முழுக்கப் பயந்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. பரிமாற்ற மாணவனுக்கு அடுத்த முறை கிடையாது, எழுதித்தான் ஆக வேண்டும். பிரீஸ்ட்ரெஸ் பாடத்தில் 1.7 வந்தது. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தாண்டினால் தோல்வி. "ஒண்ணு புள்ளி ஏழா? பத்துக்கா?" என்று அம்மா கேட்டார். பெரியம்மாவிடம் இன்னும் விளக்கி முடியவில்லை.

அந்த 1.7-ஐ நம் ஊர் மதிப்பெண்ணாக மாற்றுவதுதான் மொத்தப் பயணத்தின் கடினமான வேலை. போகும் முன் பாட ஒப்பந்தத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். திரும்பி வந்தபோது தேர்வுப் பிரிவில் வேறு ஆள். ஐரோப்பிய கிரெடிட் ஒன்றுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது மணி நேர உழைப்பு என்று கணக்கு, நம் கிரெடிட்டுக்கு வாரத்துக்கு இத்தனை பீரியட் என்று கணக்கு. இரண்டையும் ஒப்பிடும் அட்டவணை எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் இல்லை. "பேரு ஒத்துப்போகலையே தம்பி" என்று ஒரு பாடத்தைத் தள்ளிவிட்டார்கள், பாடத்தில் இருந்தது என்ன என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக இங்கே ஒரு எலெக்டிவ் மறுபடி எழுதினேன்.

புராஜெக்ட்டுக்கு கிரவுட் எடுத்துக்கொண்டேன். அப்பா சொன்ன அந்தக் கடைசி நாள் அவசரம்தான் தலைப்பு, கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில். டிரெஸ்டனில் அந்தக் கோடையில் மீதி இரண்டு பகுதிகளையும் இடித்துவிட்டார்கள். ஒட்டுக்கேட்கும் கருவிகள் உள்ளே கம்பிகள் அறும் சத்தத்தைப் பதிவு செய்த பிறகு காத்திருக்க வழியில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு, எத்தனை கிரெடிட், 1.7-க்கு இங்கே என்ன கிரேடு, இந்த மூன்றையும் துறைத் தலைவரிடம் மட்டும் இல்லாமல் தேர்வுப் பிரிவிலும் எழுத்தில், முத்திரையோடு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். பாடப் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் பாடத்திட்டத்தையும் பின்னால் இணைத்துவிடுங்கள். ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பிழைக்கலாம். ஏழரை மணி வகுப்புக்கு இரண்டு அலாரம் வையுங்கள்.